கையை மரக்க வைக்கும் ஊசி இதயத்தை ஏன் தொடுகிறது? உட்கார்ந்தால் இசிஜி ஏன் மாறுகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும். அப்பாவுக்கு வயது 61. தோள்பட்டையில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை. முழு மயக்கம் கொடுக்காமல், கழுத்தோரம் நெர்வ் பிளாக் (நரம்பை மரக்க வைக்கும் ஊசி) போட்டு, சாய்ந்து உட்கார்ந்த நிலையில் செய்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் எல்லாம் சீராகப் போனது. பிறகு இரண்டே நிமிடத்தில் நாடி 74-லிருந்து 38-க்கு இறங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, முகம் வெளுத்து வியர்த்துவிட்டது. படுக்க வைத்து மருந்து கொடுத்ததும் தேறிவிட்டார். "பிளாக்கும் உட்கார்ந்த நிலையும் சேர்ந்து செய்த வேலை, இதயத்தில் குறை இல்லை" என்றார் மருத்துவர். மறுநாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி எடுத்த இசிஜியில் டி அலை (ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கீழறைகள் மின் ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் மேடு) பழையதுபோல் இல்லை. படுக்க வைத்து மறுபடி எடுத்தால் பழையபடி வந்துவிட்டது. கையை மரக்க வைக்கும் ஊசி இதயத்தின் மின்சாரத்தை எப்படித் தொட்டது, எந்த இசிஜியை நம்புவது என்று கேட்கிறீர்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மயக்கவியல் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் மருத்துவர் சொன்னது சரி. நீங்கள் விவரிக்கும் போக்கு, இந்த அறுவை சிகிச்சையில் எங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்று. ஆனால் பிளாக் ஒரு காரணம், உட்கார்ந்த நிலை இன்னொரு காரணம் என்று தனித்தனியாக எண்ணினால் விஷயம் பிடிபடாது. உடல் நிலை மாறும்போதெல்லாம் இதயம் நரம்புகளின் வழியே அதற்கு ஒரு பதில் சொல்கிறது. நரம்பை மரக்க வைத்தால் அந்தப் பதில் குறைகிறது, கோணலாகிறது, சில சமயம் வராமலே போகிறது. உங்கள் அப்பாவுக்கு நடந்ததை அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இசிஜி அறிக்கையில் வரும் "பிளாக்" வேறு, நெர்வ் பிளாக் வேறு. ஏ.வி. பிளாக், பண்டில் பிராஞ்ச் பிளாக் என்று எழுதியிருந்தால், இதயத்துக்குள்ளேயே மின் அலை போகும் பாதையில் தாமதமோ தடையோ இருக்கிறது என்று பொருள். அந்தப் பாதை நரம்பு அல்ல, தனித்தன்மை பெற்ற இதயத் தசை நார். நெர்வ் பிளாக் என்பது வெளியே, கழுத்திலோ முதுகிலோ, நரம்பைச் சுற்றி மருந்தை விட்டுச் சில மணி நேரம் அதன் வழியே செய்தி போகாமல் நிறுத்துவது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பயந்துபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதயம் துடிப்பதற்கு நரம்பு தேவையில்லை. வலது மேலறையின் மேல்பகுதியில் இருக்கும் சைனஸ் கணுவின் செல்கள் தாமாகவே மின்னூட்டம் ஏறி, ஓர் எல்லையைத் தொட்டதும் பொறி தட்டும். அந்த அலை மேலறைகளில் பரவி, ஏ.வி. கணுவில் கொஞ்சம் தாமதித்து, கீழறைகளுக்குள் இறங்கும். இதயமாற்று அறுவை சிகிச்சையில் எல்லா நரம்புகளும் வெட்டப்படுகின்றன. ஆனாலும் புது இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 110 முறை துடித்துக்கொண்டிருக்கும். நரம்பின் வேலை இந்தத் தாளத்தை உண்டாக்குவது இல்லை, இழுத்துப் பிடிப்பதும் தட்டிவிடுவதும்தான்.

இழுத்துப் பிடிப்பது வேகஸ் நரம்பு. 1845-ல் வெபர் சகோதரர்கள் இந்த நரம்பை மின்சாரத்தால் தூண்டி இதயத்தை நிறுத்திக் காட்டினார்கள். நரம்பைத் தூண்டினால் உறுப்பு வேலை செய்யும் என்று மட்டுமே நம்பியிருந்த காலத்தில், தூண்டினால் நின்றுவிடும் என்பது பெரிய அதிர்ச்சி. 1921-ல் ஓட்டோ லூவி தவளையின் இதயத்தில் இதைச் செய்து, இதயத்தைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தின் மேல் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளின் மூலம்தான் பேசுகிறது என்பது அப்படித்தான் நிறுவப்பட்டது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். இது சைனஸ் கணுச் செல்களின் பொட்டாசியம் வாசல்களைத் திறந்து, அவை மின்னூட்டம் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. ஏ.வி. கணுவிலும் தாமதத்தைக் கூட்டுகிறது. தட்டிவிடுவது பரிவு நரம்பு (சிம்பதெடிக்). அது நோரட்ரினலின் மூலம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

இந்த இரண்டுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் உண்டு, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேகஸ் சொன்னால் அடுத்த துடிப்பிலேயே தெரியும். பரிவு நரம்பு சொன்னால் சில நொடிகள் கழித்துத்தான் தெரிய ஆரம்பிக்கும், முழு விளைவுக்கு அரை நிமிடம்கூட ஆகலாம். திடீரென்று நாடி பாதியாக விழுந்தால், அங்கே வேகஸின் கை இருக்கிறது என்று நாங்கள் உடனே சந்தேகிப்பது இதனால்தான்.

இரண்டு நரம்புகளையும் மருந்தால் அடக்கிவிட்டு இதயத்தின் சொந்த வேகத்தை அளந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு கணக்கும் உண்டு: 118.1-லிருந்து வயதை 0.57-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். 61 வயதுக்கு அது ஏறத்தாழ 83. அப்பாவின் நாடி அமைதியாக இருந்தபோது 74. அதாவது வேகஸ் அப்போதே மெல்லப் பிடித்துக்கொண்டிருந்தது. பரிவு நரம்பு முழுக்க ஓய்ந்துபோனாலும் நாடி அதனால் மட்டும் 38 ஆகாது. யாரோ பிரேக்கை அழுத்தியிருக்க வேண்டும்.

இப்போது நரம்புகள் எங்கே ஓடுகின்றன என்று பார்ப்போம். இதயத்தைத் தட்டிவிடும் பரிவு நரம்புகள் மூளையிலிருந்து நேராக இதயத்துக்கு வருவதில்லை. தண்டுவடம் வழியாக இறங்கி, மார்புப் பகுதியின் முதல் நான்கைந்து கண்டங்களிலிருந்து வெளியே வந்து, முதுகெலும்புக்கு இருபுறமும் ஓடும் பரிவுச் சங்கிலியில் சேர்கின்றன. அந்தச் சங்கிலியில் கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில், முதல் விலா எலும்பின் கழுத்தை ஒட்டி, ஒரு நரம்பு முடிச்சு இருக்கிறது. விண்மீன் போன்ற வடிவம் என்பதால் ஸ்டெல்லேட் என்று பெயர். இதயத்துக்கான பரிவுச் செய்தியில் பெரும்பகுதி இந்த முடிச்சின் வழியே போகிறது. வலப்பக்க முடிச்சின் செல்வாக்கு சைனஸ் கணுவில் அதிகம், இடப்பக்கத்தின் செல்வாக்கு ஏ.வி. கணுவிலும் கீழறைகளிலும் அதிகம். சுத்தமான பாகப்பிரிவினை இல்லை, ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும். ஆனாலும் இந்தச் சாய்வு மருத்துவத்தில் பெரிய விளைவுகளைத் தருகிறது.

தோள்பட்டைக்குப் போடும் பிளாக்கின் மருந்து, கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே, கைக்குப் போகும் நரம்புக் கட்டைச் சுற்றி விடப்படுகிறது. மருந்து திரவம்தானே, போட்ட இடத்திலேயே நிற்காது. கொஞ்சம் கீழே பரவினால் ஸ்டெல்லேட் முடிச்சும் கழுத்துப் பரிவுச் சங்கிலியும் மரத்துப்போகும். அப்படி ஆனவருக்கு அந்தப் பக்கத்துக் கண் இமை சற்றுத் தொங்கும், கண்மணி சுருங்கும், முகத்தின் அந்தப் பாதியில் வியர்க்காது. சில மணி நேரத்தில் தானே சரியாகிவிடும். அப்பாவின் கண் அன்று சற்றுச் சொருகியதுபோல் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருந்தால், இதயத்தைத் தட்டிவிடும் கைகளில் ஒன்று அப்போது தளர்ந்திருந்தது என்று கொள்ளலாம். அதே மருந்து உதரவிதானத்துக்கு (மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை) போகும் நரம்பையும் பெரும்பாலும் பிடித்துவிடும். பழைய முறையில் 20 மில்லிக்கு மேல் மருந்து விட்டபோது அந்தப் பக்க உதரவிதானம் ஏறக்குறைய எல்லோருக்குமே தற்காலிகமாகச் செயலிழந்தது. உதரவிதானம் மேலே ஏறினால் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் இதயமும் சற்று நகரும். இதற்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

அடுத்தது உடல் நிலை. படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் மார்பிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் இதைக் கவனித்து மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. உடனே வேகஸ் பிடியைத் தளர்த்துகிறது, நாடி ஏறுகிறது. சில நொடிகளில் பரிவு நரம்பு ரத்தக் குழாய்களை இறுக்குகிறது, அழுத்தம் நிலைக்கு வருகிறது. உடனே வேகஸ் மறுபடி கொஞ்சம் பிடிக்கிறது. இதை இசிஜியிலேயே எண்ணலாம்: நின்றபின் 15-ஆவது துடிப்பு வாக்கில் நாடி மிக வேகமாகவும், 30-ஆவது துடிப்பு வாக்கில் ஒப்பீட்டளவில் மெதுவாகவும் இருக்கும். அந்த இரண்டு இடங்களின் துடிப்பு இடைவெளிகளை வகுத்தால் ஆரோக்கியமானவருக்கு 1.04-க்கு மேல் வரும். நீரிழிவில் தன்னியக்க நரம்புகள் கெட்டுப்போனவருக்கு இது 1.00-க்குக் கீழே இறங்கிவிடும். யாரும் ஊசி போடாமலே அவர் உடலில் ஒரு நிரந்தர நெர்வ் பிளாக் இருக்கிறது என்றே சொல்லலாம். மயக்க மருந்துக்கு முந்தைய பரிசோதனையில் "எழுந்து நின்றால் தலை சுற்றுமா?" என்று நாங்கள் கேட்பதை வெறும் சடங்கென்று எண்ணிவிடாதீர்கள்.

சரி, இரண்டையும் சேர்ப்போம். தோள் அறுவை சிகிச்சைக்குச் சாய்ந்து உட்கார வைக்கும்போது கால்களில் ரத்தம் தேங்குகிறது. நோயாளி அசையாமல் இருப்பதால் கெண்டைக்கால் தசைகள் அதை மேலே தள்ளவும் இல்லை. இதயம் அரைகுறையாக நிறைகிறது. ஈடுகட்ட பரிவு நரம்பு இதயத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொல்கிறது. பிளாக் மருந்தோடு அட்ரினலின் கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து தூண்டும். காலியாக இருக்கும் கீழறை இப்படிப் பலமாகச் சுருங்கும்போது அதன் சுவரில் உள்ள உணரிகள் தவறான செய்தியை அனுப்புகின்றன: "இங்கே அழுத்தம் அளவுக்கு மீறிவிட்டது." மூளைத்தண்டு அதை நம்பி வேகஸை முழுபலத்தோடு அழுத்தச் சொல்கிறது, பரிவு நரம்பை ஓயச் சொல்கிறது. நாடியும் அழுத்தமும் ஒன்றாகச் சரிகின்றன. இந்த மறிவினைக்கு (ரிஃப்ளெக்ஸ்) பெசோல்ட்-யாரிஷ் என்று பெயர். 1867-ல் பெசோல்ட் விலங்குகளில் ஒரு தாவர நஞ்சைச் செலுத்தியபோது இந்த மூன்றையும், அதாவது நாடி, அழுத்தம், மூச்சு ஒருசேரத் தளர்வதை, முதலில் கண்டார்; அது வேகஸ் வழியே நடக்கும் மறிவினை என்று 1930-களில் யாரிஷ் விளக்கினார்.

தோள் அறுவை சிகிச்சையில் நடப்பது முழுக்க இந்த மறிவினைதானா என்பதில் துறைக்குள் வாதம் உண்டு. என்னை அந்தப் பக்கம் சாய்த்தது 1998-ல் வந்த ஓர் ஆய்வு. உட்கார்ந்த நிலையில் இந்த பிளாக்கோடு தோள் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். மருந்தே இல்லாத ஊசி பெற்றவர்களில் 28 சதவீதம் பேருக்கு இந்தத் திடீர்ச் சரிவு வந்தது. வேகஸைத் தடுக்கும் கிளைகோபைரோலேட் பெற்றவர்களில் 22 சதவீதம். பரிவுத் தூண்டலை அடக்கும் மெட்டோபிரோலால் பெற்றவர்களில் வெறும் 5 சதவீதம். நாடியைக் குறைக்கும் மருந்து, நாடி விழுவதைத் தடுத்தது! சரிவின் தொடக்கம் காலி இதயத்தை பரிவு நரம்பு ஓங்கித் தூண்டுவதில்தான் இருக்கிறது என்றால் மட்டுமே இது பொருந்துகிறது. முக்கால் மணி நேரம் சீராகப் போய் அதன்பின் விழுந்தது என்று நீங்கள் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது: ரத்தம் கால்களில் தேங்க நேரம் பிடிக்கும். ஸ்டெல்லேட் முடிச்சு மரத்திருந்தால், வேகஸ் அழுத்தும்போது எதிர்த்து நிற்க வேண்டிய கையும் பலவீனமாக இருந்திருக்கும்.

அந்த நிமிடங்களில் திரையில் என்ன தெரியும் என்றால், முதலில் துடிப்பு இடைவெளிகள் விரியும். சில சமயம் பிஆர் இடைவெளி (மேலறையிலிருந்து கீழறைக்கு அலை போக ஆகும் நேரம்) நீண்டு, மேலறைகளின் அலையான பி-க்குப் பின் கீழறைகளின் அலையான கியூஆர்எஸ் வராமல் ஒன்றிரண்டு விடுபடும். சில சமயம் பி அலையே மறைந்து, ஏ.வி. கணுவை ஒட்டிய பகுதி தானே 40-ஐ ஒட்டித் துடிப்பை ஏற்றுக்கொள்ளும். மோசமான சந்தர்ப்பத்தில் நேர்கோடு. அதனால்தான் தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்துவதும், நாடியையும் அழுத்தத்தையும் ஏற்றும் அட்ரோபின், எபெட்ரின் கொடுப்பதும், தேவைப்பட்டால் தயங்காமல் அட்ரினலின் கொடுப்பதும் நொடிகளில் நடக்க வேண்டும். படுக்க வைத்தது துணை வேலை இல்லை, சிகிச்சையின் பாதியே அதுதான்: காலியான இதயம் நிறைந்தால் பொய்ச் செய்தி நிற்கும்.

முதுகுத்தண்டில் போடும் மரப்பு ஊசியில் இந்தப் பிணைப்பு இன்னும் வெளிப்படை. இடுப்பில் போடும் ஊசி இதயம் வரை எட்டுமா என்று கேட்பார்கள். எட்டும். அங்கே பெரும்பாலும் பயன்படுத்தும் மருந்து குளுக்கோஸ் சேர்த்து தண்டுவட நீரைவிடக் கனமாக்கப்பட்டது. கனமானது பள்ளத்தைத் தேடி ஓடும். உட்கார்ந்தபடியே இருந்தால் கீழே தங்கி இடுப்புப் பகுதியை மட்டும் மரக்க வைக்கும். மல்லாந்து படுத்தால் முதுகு வளைவின் பள்ளமான நடுமார்புப் பகுதி வரை வரும். மருந்து நரம்பில் படிந்து நிலைப்பதற்கு முன் தலையைத் தாழ்த்தினால் இன்னும் மேலேறி, இதயத்துக்கான அந்த முதல் நான்கு கண்டங்களைத் தொடும். தட்டிவிடும் நரம்பு மொத்தமாக ஓய்ந்தால் வேகஸ் மட்டும் மிஞ்சும். கூடவே கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து, திரும்பும் ரத்தம் குறைந்து, சைனஸ் கணுவே இழுவிசை குறைந்ததால் மெதுவாகும். 952 பேரைக் கவனித்து 1992-ல் வெளியான ஆய்வில் 33 சதவீதம் பேருக்கு அழுத்தம் விழுந்தது, 13 சதவீதம் பேருக்கு நாடி விழுந்தது. ஏற்கெனவே நாடி 60-க்குக் கீழ் இருந்தவர்களுக்கும், வேறு நோய் இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கும் நாடி விழும் வாய்ப்பு அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வலுவான வேகஸ் உள்ளவர்கள் அவர்கள்.

பயிற்சிக் காலத்தில் நான் உதவியாளராக நின்ற ஓர் அறுவை சிகிச்சையில், முதுகு ஊசி போட்டு சில நிமிடங்களே ஆன நிலையில் அழுத்தம் குறைந்தது. பதற்றத்தில் நான் மேஜையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்திவிட்டேன். நாடி 70-லிருந்து 44-க்கு வந்தது, நோயாளி "விரல்கள் மரக்கின்றன" என்றார். மூத்த மருத்துவர் மேஜையைச் சமன் செய்து, மேல்முதுகுக்கும் தலைக்கும் மட்டும் தலையணை வைத்து, கால்களை மட்டும் உயர்த்தச் சொன்னார். ரத்தம் இதயத்துக்கு வர வேண்டும், மருந்து வரக் கூடாது. அன்று கற்றதை இன்றுவரை ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லிவருகிறேன். நிறைமாத கர்ப்பிணிகளுக்கு இன்னொன்றும் உண்டு: மல்லாந்து படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை நசுக்கும். பிளாக் இல்லாதபோது பரிவு நரம்பு அதைச் சமாளிக்கும், பிளாக் இருக்கும்போது முடியாது. அதனால்தான் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கிறோம்.

பிளாக் இதயத்தைத் தொடும் மூன்றாவது வழி நரம்பு வழி அல்ல, ரத்த வழி. மரப்பு மருந்து நரம்பின் சோடியம் வாசல்களை அடைத்துத்தான் வேலை செய்கிறது. இதயத் தசையிலும் அதே இனத்து வாசல்கள் இருக்கின்றன. மருந்து தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனாலோ, அளவு மிகுந்து உறிஞ்சப்பட்டாலோ, இசிஜியில் பிஆர் நீளும், கியூஆர்எஸ் அகலும், பிறகு தாறுமாறான கீழறைத் துடிப்பு வரலாம். லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து இந்த வாசல்களில் சட்டென்று ஒட்டிச் சட்டென்று விலகும். அதனால்தான் அளவோடு கொடுத்தால் அது கீழறைத் துடிப்புக் கோளாறுக்கே மருந்தாகிறது. இன்னொரு மரப்பு மருந்தான புபிவகெய்ன் சட்டென்று ஒட்டும், விலகத் தாமதிக்கும். துடிப்புக்குத் துடிப்பு அடைப்பு சேர்ந்துகொண்டே போகும். 1979-ல் இதைப் பற்றிய எச்சரிக்கை வெளியானபின்தான் துறை விழித்துக்கொண்டது. 20 சதவீதக் கொழுப்புக் கரைசலைச் செலுத்தி இந்த நச்சிலிருந்து இதயத்தை மீட்கலாம் என்பது 1998-ல் விலங்குகளில் தெரிந்தது, 2006-ல் முதன்முதலாக ஒரு மனிதரில் பலித்தது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது இது இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம், இதில் பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில் வாய் மரத்தல், காதில் இரைச்சல், வலிப்பு என்று அறிகுறிகள் தொடங்கும். படுக்க வைப்பதால் இது சரியாகவும் சரியாகாது.

இவ்வளவு சொன்னபின் பிளாக் என்றாலே இதயத்துக்கு எதிரி என்று தோன்றிவிடக் கூடாது. கீழறைத் துடிப்புக் கோளாறு ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தாக்கி, மின்னதிர்ச்சி மேல் மின்னதிர்ச்சியாகக் கொடுத்துக்கொண்டிருக்கும் நிலையை மின்புயல் என்கிறோம். ஒவ்வொரு அதிர்ச்சியின் வலியும் பயமும் பரிவு நரம்பைத் தூண்ட, அது அடுத்த தாக்குதலை அழைக்கிறது. அந்தச் சுழலை உடைக்க, இடப்பக்க ஸ்டெல்லேட் முடிச்சில் மரப்பு மருந்து போடுகிறார்கள். மருந்துகள் தோற்ற இடத்தில் அந்த ஓர் ஊசியால் புயல் அடங்குவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிறவியிலேயே க்யூடி இடைவெளி (கீழறைகள் மின்னூட்டம் பெற்று ஓய்வுக்குத் திரும்ப ஆகும் நேரம்) நீண்டவர்களில் சிலருக்கு இடப்பக்கப் பரிவுச் சங்கிலியின் ஒரு பகுதியை நிரந்தரமாகவே வெட்டிவிடுகிறார்கள். இந்நோய்க்கு அது பலன் தந்ததாக முதல் அறிக்கை 1971-ல் வந்தது. உங்கள் அப்பாவுக்கு வேண்டாத விளைவைத் தந்த அதே பாதைதான் இவர்களுக்கு உயிர்காக்கும் வாசல்.

உடல் நிலையும் அப்படியே. மேலறைப் பகுதியில் தொடங்கும் ஒருவகை வேகத் துடிப்பை நிறுத்த, மூச்சை அடக்கி முக்கச் சொல்வது பழைய முறை. 2015-ல் ஒரு சிறு மாற்றம் செய்து பார்த்தார்கள்: 15 நொடி முக்கியதும் உடனே மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கால்களையும் 45 பாகைக்கு 15 நொடி உயர்த்திப் பிடித்தார்கள். பழைய முறையில் 17 சதவீதம் பேருக்கே சீரான துடிப்பு திரும்பியது, புதிய முறையில் 43 சதவீதம். வேறு எந்த மருந்தும் இல்லை. கால்களிலிருந்து ஓடிவந்த ரத்தம் அழுத்த உணரிகளைத் தட்ட, வேகஸ் ஏ.வி. கணுவை ஒரு கணம் இறுக்கிப் பிடித்துச் சுழலை அறுத்துவிடுகிறது.

இனி உங்கள் இசிஜிக்கு வருவோம். உடல் நிலை இசிஜியை இரண்டு வழிகளில் மாற்றுகிறது. ஒன்று இதுவரை சொன்ன நரம்பு வழி. அங்கே மின்சாரமே மாறுகிறது. இன்னொன்றில் மின்சாரம் மாறுவதில்லை, நாம் அதைப் பார்க்கும் கோணம் மாறுகிறது. இதயம் மார்புக்குள் ஆணியடித்து மாட்டப்படவில்லை. நிமிர்ந்தால் உதரவிதானம் இறங்கி இதயம் செங்குத்தாகத் தொங்கும், படுத்தால் மேலேறிச் சற்றுக் கிடையாகும், இடப்பக்கம் ஒருக்களித்தால் மார்புச் சுவரை ஒட்டிச் சாயும். தோலில் ஒட்டிய மின்முனைகள் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது நகர்கிறது. அதனால் ஆர் அலையின் (கியூஆர்எஸ்ஸின் உயர்ந்த முனை) உயரமும் மின் அலையின் திசையான அச்சும் மாறும், சிலருக்கு கியூஆர்எஸ்ஸுக்கும் டி அலைக்கும் நடுவிலுள்ள எஸ்டி பகுதிகூடச் சற்று நகரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளி பக்கம் புரண்டதும் மானிட்டர் அலறுவதில் ஒரு பங்கு இதனால்தான். லீட் 3-ல் (இசிஜி இதயத்தைப் பார்க்கும் கோணங்களில் ஒன்று) மட்டும் தெரியும் ஒரு க்யூ அலை (கியூஆர்எஸ்ஸின் தொடக்கத்துப் பள்ளம்), ஆழமாக மூச்சை இழுத்ததும் காணாமல் போவதும் இதே கதை.

மாணவனாக இருந்தபோது ஒருவரையொருவர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் இசிஜி எடுத்துப் பழகினோம். நின்றபோது என் லீட் 2-ல் பி அலை உயர்ந்து கூர்மையானது, பிஆர் குறுகியது, லீட் 3-ல் டி அலை தட்டையாகிக் கிட்டத்தட்டத் தலைகீழானது. ஐந்து நிமிடத்துக்கு முன் அதே இதயம் ஒழுங்கான டி அலையைக் காட்டியிருந்தது. நிற்கும்போது பரிவுத் தூண்டல் கூடுவதும் இதயம் தொங்குவதும் சேர்ந்து டி அலையை இப்படி ஆக்கும் என்பது நீண்டகாலமாகத் தெரிந்த விஷயம். எது இயல்பு, எது இல்லை என்ற அளவுகோல்கள் மல்லாந்து படுத்தவர்களிடம் எடுத்த இசிஜிகளிலிருந்து உருவானவை. ஆகவே உட்கார்ந்து எடுத்ததைப் பழைய படுத்த இசிஜியோடு ஒப்பிட்டு நோய் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஒருவேளை அந்தப் பக்க உதரவிதானமும் முழுதாக மீண்டிராமல் இருந்திருக்கலாம். படுத்ததும் டி அலை பழையபடி வந்துவிட்டது, நெஞ்சுவலி இல்லை என்றால் எனக்கு அது போதுமான பதில். மாறாமல் அப்படியே இருந்திருந்தாலோ, வலியோ மூச்சுத்திணறலோ கூடவே இருந்திருந்தாலோ, உடல் நிலைதான் காரணம் என்று சொல்லித் தள்ளிவிடக் கூடாது. ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் பார்த்தே ஆக வேண்டும்.

நிற்க வைத்து எடுக்கும் இசிஜி சில நேரம் வேண்டுமென்றே எடுக்கப்படுகிறது. சட்டென்று எழுந்து நிற்கும்போது நாடி வேகமாகும், க்யூடி அதற்கேற்பச் சுருங்க வேண்டும். நீள்-க்யூடி நோய் உள்ளவர்களுக்கு அது போதுமான அளவு சுருங்காது. படுத்திருக்கையில் ஒளிந்திருந்தது நின்றதும் வெளிப்படும். அதேபோல், உறக்கத்திலோ ஓய்விலோ பிஆர் நீண்டு நீண்டு ஒரு துடிப்பு விடுபடும் ஏ.வி. பிளாக் விளையாட்டு வீரர்களிடம் சாதாரணம். எழுந்து நின்று நாலு முறை உட்கார்ந்து எழுந்தால் அது மறைந்தால், வேகஸ் செய்த வேலை என்று நிம்மதியாக இருக்கலாம். எழுந்து நடக்கும்போது பிளாக் மோசமானால் கோளாறு ஏ.வி. கணுவுக்குக் கீழே பாதையிலேயே இருக்கிறது, அது பேஸ்மேக்கர் வரை போகக்கூடிய விஷயம்.

நடைமுறைக்கு இரண்டு விஷயங்கள். அறுவை சிகிச்சையின் மயக்கவியல் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: எந்த பிளாக், எந்தப் பக்கம், எந்த மருந்து எத்தனை மில்லி, எந்த நிலையில் இருந்தார், நாடி எப்போது எவ்வளவு இறங்கியது, எதைக் கொடுத்ததும் திரும்பியது. அடுத்த முறை எந்த ஊசிக்கு முன்பும் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். முன்கூட்டியே திரவம் ஏற்றுவது, மெல்ல மெல்ல நிமிர்த்துவது, கால்களுக்கு அழுத்தப் பட்டை கட்டுவது, பிளாக் மருந்தின் அளவைக் குறைப்பது என்று அவர் கையில் வழிகள் உண்டு. இன்னொன்று, வீட்டில் இருக்கும் அந்த இரண்டு இசிஜி தாள்களின் மேல்மூலையில் பேனாவால் எழுதிவிடுங்கள்: ஒன்றில் "உட்கார்ந்து எடுத்தது", இன்னொன்றில் "படுத்து எடுத்தது". இயந்திரம் தேதியையும் நேரத்தையும் தானே அச்சிட்டுவிடுகிறது, இதை மட்டும் அது அச்சிடுவதில்லை.